சாதாரணப் பார்வையாளரின் தீர்ப்பு: அரசியல் படமும் குடும்பப் படமும்

(வேங்கிக்காலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்த் திரைப்படம் குறித்து எழுதப்பட்டுள்ள நூல்கள், படத்தை ஆக்கியவர்களைப் பற்றியும் அதைத் தம் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்ட கட்சிகளைப் பற்றியும் விரிவாகப் பேசும் அளவுக்கு, நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே சென்று அமர்ந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. பண்டிகைக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று எனப் படம் பார்ப்பவர், இயக்குநரின் முந்தைய படங்களை வரிசையாக அறியாதவர், பார்த்து முடித்ததும் ‘பரவாயில்லை’ என்றோ ‘இரண்டாம் பாதி இழுவை’ என்றோ ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்றோ சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகிறவர் எவரோ, அவரையே இவ்வுரை ‘சாதாரணப் பார்வையாளர்’ என்று குறிக்கிறது. ஆட்சி, தேர்தல், சாதி, சட்டம் ஆகியவற்றின் அதிகாரத்தை மையமாகக் கொண்ட கதை ‘அரசியல் படம்’ என்றும், கணவன் மனைவி, அண்ணன் தங்கை, பெற்றோர் பிள்ளைகள், காதலர் ஆகியோரிடையே எழும் பிணக்கையும் பிணைப்பையும் மையமாகக் கொண்ட கதை ‘குடும்பப் படம்’ என்றும் இங்கு வழங்கப்படுகின்றன. இவ்விருவகைப் படங்களைப் பற்றியும் சாதாரணப் பார்வையாளர் கூறும் கருத்துகள் ஒரே அளவுகோலிலிருந்து பிறக்கின்றன என்பதும், அந்த அளவுகோல் மதிக்கத்தக்கது என்றாலும் இரண்டு இடங்களில் வளைந்துவிடுகிறது என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்துகள்.

அந்த அளவுகோலை இவ்வாறு வரையறுக்கலாம்: கதையில் யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அத்தீங்குக்கு யார் பதில் சொன்னார்? பதில் சொல்லப்பட்ட படம் மனநிறைவு தருகிறது. பதில் சொல்லப்படாமலே முடியும் படம், எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும், ‘என்ன சொல்ல வருகிறார்கள் என்றே புரியவில்லை’ என்ற குறையோடு பார்வையாளரின் பேச்சில் இடம்பெறுகிறது. அமைச்சரும் கணவனும் இந்தக் கேள்வியின் முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அரசியலும் உறவும் வெவ்வேறு உலகங்கள் அல்ல என்பதை விளக்குவதற்கு வேங்கிக்காலைவிடப் பொருத்தமான ஊர் அரிது. 1989ஆம் ஆண்டு பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்ட திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் இங்குதான் அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களைப் போலவே இங்கும் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்துக்கு வருவோர், பாதை வேண்டும், பட்டா வேண்டும் என்னும் பொதுக் கோரிக்கைகளை மட்டும் கொண்டுவருவதில்லை. அண்ணன் பாகம் பிரித்துத் தரவில்லை, மகன் சோறு போடவில்லை, எழுதிக் கொடுத்த நிலத்தைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டும் என்னும் முறையீடுகளும் அதே மேசையை வந்தடைகின்றன. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகுவதற்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வழிசெய்திருக்கிறது. வீட்டுச் சண்டை அரசிடம் போவதையும், அரசின் அலட்சியம் வீட்டைச் சிதைப்பதையும் கண்ணால் காணும் மக்களுக்கு, திரையில் இவ்விரண்டும் கலந்து வருவது வியப்பூட்டுவதில்லை.

இதற்கு முந்தைய பயிற்சி ஒன்றும் இந்நிலப்பகுதிக்கு உண்டு. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்களையொட்டி இரவு முழுவதும் நடைபெறும் தெருக்கூத்தில், துகிலுரியும் பகுதி மிக முக்கியமானது. தன்னையே தோற்றுவிட்ட ஒருவனுக்கு மனைவியைப் பணயமாக வைக்கும் உரிமை இருந்ததா என்று சபையில் திரௌபதி கேட்கும் கேள்வி, கணவனை நோக்கியதாகவும் அரசவையை நோக்கியதாகவும் ஒருசேர அமைகிறது. பெரியவர்கள் வாய்மூடி இருந்ததால் நேர்ந்த பழியைத் தீர்க்கவே பதினெட்டாம் போர்வரை கதை நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இக்கூத்தைப் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு, தீங்குக்குப் பதில் கேட்கும் கதையின் இலக்கணம் ஏற்கெனவே தெரியும். திரையரங்கம் அந்த இலக்கணத்தை அறிந்தவர்களைக் கொண்டே தன் இருக்கைகளை நிரப்பியது.

அத்திரையரங்கத்தின் சமூகத் தன்மையையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைநிகழ்வு இடம் திரையரங்கமே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதிப் படிநிலையைக் காட்டிலும் சீட்டுக்குக் கொடுத்த காசுதான் என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் பிரிவினை இருந்தபோதிலும், ஒரே படத்தைப் பார்த்து ஒரே இடத்தில் கைதட்டும் உரிமை அனைவருக்கும் கிடைத்தது. அந்தக் கைதட்டல் கருத்துரிமையின் ஒரு வடிவம். நாளிதழில் எழுத வாய்ப்பில்லாதவரும் அதன்வழியே தம் தீர்ப்பைப் பதிவுசெய்தார்.

வரலாற்றைப் பார்த்தால், தமிழின் தொடக்ககால அரசியல் படங்கள் குடும்பப் படங்களாகவே பிறந்தன என்பது தெளிவாகும். கல்கியின் கதையை கே. சுப்ரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்து, பின்னர் ஆங்கிலேய அரசால் தடைசெய்யப்பட்ட ‘தியாகபூமி’, காங்கிரஸ் இயக்கத்தைப் போற்றிய படம் என்றே வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. எனினும் அதன் முதுகெலும்பாக இருப்பது, கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரியின் வழக்கு. அவள் செல்வமும் செல்வாக்கும் அடைந்த பிறகு, அவளைத் தன்னோடு சேர்ந்து வாழச் செய்ய வேண்டும் என்று கணவன் நீதிமன்றத்தை நாடுகிறான். பிரிந்துபோன துணையைச் சேர்த்துவைக்கும்படி கோரும் இத்தகைய வழக்கைச் சட்டத்தில் தாம்பத்திய உரிமை மீட்பு வழக்கு என்பர். அவளோ அவனோடு வாழ மறுத்து, வேண்டுமானால் ஜீவனாம்சம் தருவதாகக் கூறி, விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாள். நாட்டின் அடிமைத்தனத்தையும் மனைவியின் அடிமைத்தனத்தையும் ஒரே கதையில் இணைத்த துணிவு அப்படத்தின் சிறப்பு.

1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’ இந்த இணைப்பை மேலும் இறுக்கியது. மு. கருணாநிதி உரையாடல் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அப்படத்தின் நீதிமன்றக் காட்சி திராவிட இயக்கத்தின் மேடைப்பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தது என்பது பலமுறை சொல்லப்பட்டதுதான். அக்காட்சியின் கட்டுமானம் அதே அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. வறுமையால் குழந்தையைக் கொல்லத் துணிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவள் தங்கை. தீர்ப்பளிக்கும் நாற்காலியில் இருப்பவர் அவளுடைய மூத்த அண்ணன். கைம்பெண்ணாகிக் கைக்குழந்தையோடு அலைந்த ஒருத்திக்குச் சமூகம் ஏன் சோறிடவில்லை என்ற கேள்வி, அண்ணன் ஏன் தங்கையைக் காக்கவில்லை என்ற கேள்வியாகவும் ஒலித்ததனால்தான், கட்சிக் கொள்கையில் ஈடுபாடில்லாத பார்வையாளரையும் அப்படம் கலங்கவைத்தது. கொள்கையை உறவின் வழியே உணர்த்தும் இவ்வுத்தியை அறிஞர்கள் ‘மெலோடிராமா’ என்பர்; உணர்ச்சியை மிகுவித்து, அறத்தின் பக்கம் எது என்பதை ஐயமின்றித் தெரியச்செய்யும் நாடகமுறை என்று அதனை விளக்கலாம். சாதாரணப் பார்வையாளர் கண்ணீர் விடுவதைக் கண்டு அவருக்கு அரசியல் புரியவில்லை என்று முடிவுசெய்வது தவறு. அந்தக் கண்ணீரின் வழியாகவே அவர் அரசியலைப் புரிந்துகொண்டார்.

குடும்பப் படங்களின் பக்கம் திரும்பினால், அங்கும் அதிகாரமே பேசுபொருளாக இருப்பதைக் காணலாம். ஜெயகாந்தன் 1966இல் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டித் தூய்மையானவளாக ஏற்றுக்கொள்கிறாள். அக்கதை வாசகர்களிடையே கடும் சர்ச்சையை எழுப்பியது. தாய் அவ்வாறு ஏற்காமல் போயிருந்தால் அந்த மகளின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து விரிந்த நாவலே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’; 1977இல் அதனை அ. பீம்சிங் படமாக்கினார். அதன் நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தீங்கு செய்தவனைத் தேடிச் சென்று அவன் முன் நிற்கும் கங்கா, தன் வாழ்வுக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் பெண்ணாகத் தமிழ்த் திரையில் நிலைபெற்றாள். சாதாரண வாசகரின் எதிர்ப்பு ஒரு பெரும் படைப்புக்குக் காரணமானது என்பதால், பொதுமக்களின் கருத்து படைப்பாளிக்குப் பொருட்டல்ல என்னும் எண்ணம் இங்கு பொய்த்துப்போகிறது.

1979இல் மகேந்திரன் இயக்கிய ‘உதிரிப்பூக்கள்’ இன்னும் கூர்மையான சான்று. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவிய அப்படத்தின் சுந்தரவடிவேலு, ஊரில் பள்ளியை நடத்தும் அதிகாரம் பெற்றவன், வீட்டில் நோயாளி மனைவியைச் சொல்லால் வதைப்பவன். பள்ளி ஆசிரியரிடம் அவன் காட்டும் ஆணவமும் மனைவியிடம் காட்டும் ஆணவமும் ஒரே குணத்தின் இரு முகங்கள் என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் படம் உணர்த்துகிறது. 1986இல் மணிரத்னம் இயக்கிய ‘மௌன ராகம்’, விருப்பமில்லாமல் மணமுடிக்கப்பட்ட திவ்யா கேட்கும் மணவிலக்கைக் கதையின் மையத்தில் வைத்தது. திருமணமாகி ஓராண்டு முடியும்முன் மணவிலக்கு கோர இயலாது என்ற சட்டவிதியே அவ்விருவரையும் ஒரே வீட்டில் தங்கவைத்துக் கதையை நகர்த்துகிறது. பெண்ணைக் கேட்காமல் அவளுக்கு மணம் முடிக்கும் குடும்பத்தின் அதிகாரத்துக்கு அங்கு பதில் சொல்ல நேர்பவன், அந்த முடிவில் பங்கிருந்தும் அவள் மனம் அறியாதிருந்த கணவன். அவன் பொறுமையாகப் பதில் சொல்கிறான் என்பதே பார்வையாளர் அவனை நேசித்ததற்குக் காரணம்.

இருவகையும் முழுமையாகக் கலந்த படங்களில் கே. பாலசந்தரின் இரண்டு ஆக்கங்கள் தனியிடம் பெறுகின்றன. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து உருவாகி 1981இல் வெளிவந்த ‘தண்ணீர் தண்ணீர்’, அத்திப்பட்டி என்னும் வறண்ட ஊரின் மக்கள் குடிநீருக்காக மனுக்கொடுத்து, தேர்தலைப் புறக்கணித்து, இறுதியில் தாமே கால்வாய் வெட்டத் துணிவதைச் சொல்கிறது. அவ்வூரின் செவந்திக்குக் கணவனாக வாய்த்தவன் காவலர். ஊருக்கு நீர் கொண்டுவரும் மனிதனைப் பிடித்துக்கொடுக்க விரும்பும் அரசு ஊழியனும், அவனைக் காக்க விரும்பும் மனைவியும் ஒரே கூரையின்கீழ் வாழ நேர்வதால், அரசுக்கும் ஊருக்கும் இடையிலான மோதல் அவ்வீட்டின் அடுக்களைவரை வந்துவிடுகிறது. 1984இன் ‘அச்சமில்லை அச்சமில்லை’ இன்னொரு படி முன்னேறியது. நேர்மையானவன் என்று நம்பி உலகநாதனை மணந்த தேன்மொழி, அரசியலில் அவன் படிப்படியாகக் கெட்டுப்போவதை மனைவியின் இடத்திலிருந்து காண்கிறாள். முடிவில் அவளே அவனைக் கொல்கிறாள். தலைவன் தொண்டர்களிடம் மறைப்பதை மனைவியிடம் மறைக்க முடியாது என்பதை அறிந்தே கதாசிரியர் அவளை நீதிபதியாக்கினார்.

இந்த மரபு முடிந்துவிடவில்லை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), சிறு வீடு கட்ட முனையும் வேலைக்குப் போகும் பெண்ணின் குடும்பக் கதையாகத் தொடங்கி, அனுமதிக்கும் கையூட்டுக்கும் இடையே நசுங்கும் குடிமகளின் கதையாக முடிகிறது. ராஜுமுருகனின் ‘ஜோக்கர்’ (2016), திருவண்ணாமலையை அடுத்த தருமபுரி மாவட்டத்தைக் களமாகக் கொண்டது. கழிப்பறை உள்ள வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்படுவேன் என்ற மல்லியின் எளிய விருப்பம் அரசுத் திட்டத்தின் ஊழலால் அவளையே உணர்விழந்த நிலைக்குத் தள்ளுகிறது. அவள் கணவன் தன்னை நாட்டின் குடியரசுத் தலைவர் என்று அறிவித்துக்கொண்டு அரசிடம் கணக்குக் கேட்கிறான். மனைவியை அந்நிலையில் காண நேர்ந்தவனின் துயரம் இல்லாமல் அந்த அரசியல் கேள்விக்கு உயிர் இருந்திருக்காது. 2021ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு ஏப்ரல் 6ஆம் நாள் நடைபெற, அதற்கு இரண்டு நாட்களுக்கு முன் தொலைக்காட்சியில் வெளியான மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’, ஊராட்சித் தேர்தலில் மோதும் இரு தரப்பினரை ஒரே தந்தைக்கு இரண்டு மனைவியரிடம் பிறந்த சகோதரர்களாகப் படைத்தது. சாதிப் பிளவும் பங்காளிச் சண்டையும் ஒன்றே என்பதை அதனால் விரைவாக உணர்த்த முடிந்தது. ஊரார் மதிக்காத முடிதிருத்தும் தொழிலாளியின் ஒரே வாக்கு இருவரையும் அவன் வாசலுக்கு வரவைத்தது.

இனி, அளவுகோல் வளையும் இடங்களைக் கூற வேண்டும். பாராட்டோடு நிறுத்திக்கொள்வது பார்வையாளரைக் குழந்தையாகக் கருதுவதாகும்; தீர்ப்பளிக்கும் தகுதி உடையவரின் தீர்ப்பே ஆராயவும்படும்.

முதல் வளைவு, பதிலைத் தனிமனிதனிடம் மட்டும் தேடுவது. தீங்கு செய்த ஒருவன், அதைத் தண்டிக்கும் மற்றொருவன் என்னும் கட்டுக்குள் கதை அமைந்துவிட்டால், தீங்கை உண்டாக்கிய அமைப்பு தப்பித்துவிடுகிறது. 1999இல் ஷங்கர் இயக்கிய ‘முதல்வன்’ ஒரே நாள் முதலமைச்சரின் வழியாக ஊழலைத் துடைத்துவிடலாம் என்ற மனநிறைவைத் தந்தது. அந்த மனநிறைவு திரையரங்கோடு முடிந்துபோகவில்லை. திரையில் ஏழைகளைக் காத்த எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானதன் பின்னணியை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன், 1992இல் வெளியான தம் ஆங்கில நூலில், ஏழைகளின் பேராதரவைப் பெற்ற ஆட்சி ஏழைகளுக்கு எந்த அளவு பயன்பட்டது என்ற கடினமான கேள்வியை எழுப்பினார். நடிகர் ஏற்கும் பாத்திரங்களின் நற்குணங்கள் அவருடைய சொந்தக் குணங்களாகவே மக்கள் மனத்தில் படிவதை ‘பிம்பம்’ என்று அந்நூல் குறித்தது. எனினும் இதை வைத்துப் பார்வையாளரை ஏமாளி என்று முடிவுகட்டவும் இயலாது. மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் களஆய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, அம்மக்கள் தம் வறுமை, குடும்பம், மதிப்பு ஆகியவற்றைப் பற்றிய கவலைகளோடு இணைத்தே திரைப்படத்தை அனுபவித்தார்கள் என்பதைப் பதிவுசெய்தார். கவலை உண்மையானது, விடையை ஒருவர் கையில் ஒப்படைப்பதில்தான் பிழை நேர்கிறது.

1997இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘இருவர்’ திரையரங்குகளில் வெற்றிபெறாமல் போனதையும் இந்நோக்கில் விளக்கலாம். நட்பில் தொடங்கி அரசியலில் பிரியும் இருவரின் கதையை அப்படம் எவர் பக்கமும் சாயாமல் சொன்னது. இவர் செய்தது தீங்கு, இவரே பதில் சொல்ல வேண்டியவர் என்று சுட்டிக்காட்ட மறுத்த அப்படத்தின் முன், தனிமனிதத் தீர்ப்புக்குப் பழகிய மனம் தடுமாறியது. பின்னாளில் அப்படம் பெற்ற பெருமதிப்பு, பார்வையாளரின் அளவுகோல் நிலையானது அன்று, வளரக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

இரண்டாம் வளைவு, பெண்ணிடம் மட்டும் கூடுதலாகப் பதில் கேட்பது. கட்சி மாறும் தலைவனை ‘அரசியலில் இதெல்லாம் சகஜம்’ என்று மன்னிக்கும் அதே வாய், கணவனைப் பிரியும் நாயகியை ‘கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம்’ என்கிறது. ஆணின் தவறு கதையின் திருப்பமாகவும் பெண்ணின் முடிவு அவளது குணக்கேடாகவும் பார்க்கப்படும்போது, அளவுகோல் தன் நேர்மையை இழக்கிறது. ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்னும் சான்றிதழ் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. வன்முறையும் ஆபாசமும் இல்லாத படம் என்பது அச்சொற்றொடரின் வெளிப்படையான கருத்து. நடைமுறையிலோ, தாயின் தியாகத்தையும் மனைவியின் பொறுமையையும் கேள்வி கேட்காத படத்துக்கே அச்சான்றிதழ் எளிதாகக் கிடைக்கிறது. அரசனிடம் நீதி கேட்ட பெண்ணைத் தெய்வமாக வணங்கும் நாட்டில், கணவனிடம் நீதி கேட்கும் பெண் மட்டும் அடங்காதவளாகத் தோன்றுவது திருத்தப்பட வேண்டிய பார்வை.

இவ்விரண்டு வளைவுகளையும் ‘உதிரிப்பூக்கள்’ தன் முடிவில் தொட்டுக்காட்டியது. சுந்தரவடிவேலுவின் கொடுமை பொறுக்காமல் ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கி மாயும்படி நிறுத்தும்போது, பார்வையாளர் கேட்ட பதில் கிடைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அவன், ஊராரையும் தன்னைப்போல் ஆக்கியதே தான் செய்த தவறுகளில் பெரியது என்னும் கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறான். தண்டனையை நீதி என்று எண்ணிய கூட்டத்தின் கையிலும் கறை படிகிறது. அவன் மனைவி உயிரோடு வதைபட்ட காலமெல்லாம் இதே ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியைப் பார்வையாளரிடமே விட்டுவிடுவதால், அப்படம் இருவகைப் படங்களுக்கும் உரைகல்லாக நிற்கிறது.

சாதாரணப் பார்வையாளரின் கருத்தைச் செப்பம் செய்வதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. கேள்வியை ஒரு படி நீட்டினால் போதும். யாருக்குத் தீங்கு நேர்ந்தது, யார் பதில் சொன்னார் என்பதோடு, அத்தீங்கு மறுபடி நேராதிருக்க எது மாற வேண்டும் என்றும், இதே செயலை மற்றப் பாலினத்தவர் செய்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்றும் கேட்டுப் பழக வேண்டும். அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் வழக்கத்தை அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. படம் முடிந்ததும் மாணவரைப் பேசவைக்கும் அத்தகைய இடங்களில் இக்கேள்விகள் இயல்பாக வேரூன்றும். நூலகத்திலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் படத்தைப் பற்றிய பேச்சு நடைபெற வேண்டும். அங்கு, வீட்டில் தொலைக்காட்சியின் முன் தம் கருத்தை அடக்கிக்கொள்ளும் பெண்களே முதலில் பேச வேண்டும். விநியோகத் துறையினர் ஊர்களை ஏ, பி, சி ‘சென்டர்’ எனத் தரம் பிரித்து, சிற்றூர்க்காரருக்குச் சண்டையும் பாட்டும் போதும் என்று கணித்துவைத்திருக்கும் பழக்கத்துக்கும், அத்தகைய பேச்சே தக்க மறுமொழியாகும்.

ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்பதற்குத் திரைப்படம் தமிழர்க்குக் கற்பித்தது. வீட்டுக்குள் கணக்குக் கேட்பதற்கும் அதுவே அரைகுறையாகக் கற்பித்திருக்கிறது. அந்தப் பாடத்தை முழுமையாக்கும் பொறுப்பு படமெடுப்பவரைவிடப் படம் பார்ப்பவருக்கே மிகுதியாக உண்டு; எந்தக் கதைக்குக் காசு கொடுப்பது, எந்தத் தீர்ப்பைக் கைதட்டி ஏற்பது என்பதை முடிவுசெய்பவர் அவர். மனைவியிடமும் மகளிடமும் பதில் சொல்லப் பழகிய ஆண், தலைவனிடமும் பதில் எதிர்பார்ப்பான்; தலைவனிடம் பதில் கேட்கத் துணிந்த பெண்ணுக்கு, தன் வீட்டில் அக்கேள்வியை விழுங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. இவ்விரண்டும் கைகூடும் நாளில், அரசியல் படம் என்றும் குடும்பப் படம் என்றும் பிரித்துப் பேச வேண்டிய தேவை தமிழ்ப் பார்வையாளருக்கு இராது.